பாக்கெட்டில் ஒரு பேனாக்கத்தி: கருவியா, ஆயுதமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசினதைப் படிக்க வசதியாகக் கொஞ்சம் சீர்செய்திருக்கிறோம்.)

இந்த எபிசோட் ஒரு பிளாஸ்டிக் ட்ரேயில் ஆரம்பிக்குது.

போன மாசம் தி.நகரில் ஒரு பெரிய கடை வாசல். செக்யூரிட்டி ஸ்கேனரில் என் பை போனதும் பீப் சத்தம். உள்ளே என் சுவிஸ் கத்தி. மடக்கினா உள்ளங்கைக்குள்ள அடங்கிடும், அலகு ஏழு சென்டிமீட்டர் கூட வராது. செக்யூரிட்டி அண்ணன் அதை எடுத்து ட்ரேயில் வச்சுட்டு, ரொம்ப மரியாதையாவே கேட்டார்: "தம்பி, இது எதுக்கு வச்சிருக்கீங்க?"

நான் ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினியர். ஆபீஸில் கூரியர் டப்பா பிரிப்பேன், ஒயர் சீவுவேன், மத்தியானம் ஆப்பிள் நறுக்குவேன். ஆனா அந்த இடத்தில் வாய் குழறிடுச்சு. "சும்மாதாண்ணே"ன்னு சொன்னேன். கத்தி விஷயத்தில் அதைவிட மோசமான பதில் கிடையாது. டோக்கன் கொடுத்து கத்தியை வாங்கி வச்சுக்கிட்டார். உள்ளே போனா, மூணாவது மாடியில் சமையல் பாத்திரப் பிரிவு. எட்டு அங்குல சமையல் கத்தி வரிசையா தொங்குது. ஒண்ணு வாங்கி, கேரி பேக்கில் போட்டுக்கிட்டு, அதே அண்ணன் முன்னாடிதான் வெளியே வந்தேன். பில்லில் ஒரு ஓட்டை போட்டு அனுப்பிட்டார். வெளியே இளநீர்க்காரர் முழங்கை நீள அரிவாளால் சீவித் தள்ளிட்டு இருந்தார்.

நான் அவர்களைக் குறை சொல்லலை, அவர்கள் வேலை அது. ஆனா அந்தக் கேள்வி, "எதுக்கு வச்சிருக்கீங்க?", வீட்டுக்கு வந்தும் விடலை. தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். இதே கேள்வியை நம்ம மெட்ராஸ் அரசாங்கம் 170 வருஷத்துக்கு முன்னாடியே கேட்டிருக்கு. பதிலை மட்டும் அப்பப்போ மாத்தி எழுதியிருக்காங்க. அந்தக் கதைதான் இன்னிக்கு.

முதல்ல பேரு. எங்க தாத்தாவோட வீடு மயிலாப்பூரில், குளத்திலிருந்து நடக்கிற தூரத்தில். அவர் ஒரு கம்பெனியில் குமாஸ்தாவா இருந்தவர். அவரோட மேஜை டிராயரில் ஒரு மடக்குக் கத்தி இருந்தது. எலும்புப் பிடி, ரெண்டு அலகு, அடியில் தேய்ஞ்சு போன எழுத்தில் "ஷெஃபீல்ட்". தாத்தா அதை ஒருநாளும் கத்தின்னு சொன்னதில்லை. "பேனாக்கத்தி" என்றுதான் சொல்வார். சின்ன வயசில் நான், பேனா மாதிரி சின்னதா இருக்கிறதால அந்தப் பேருன்னு நினைச்சிருந்தேன்.

தப்பு. பேனா சீவுற கத்தி என்பதால்தான் பேனாக்கத்தி. 'பேனா' என்ற சொல்லே போர்ச்சுகீசியத்திலிருந்து வந்தது, அங்கே அதுக்கு இறகுன்னு அர்த்தம். வாத்து இறகை வெட்டி, நுனியைக் கீறி, மையில் தொட்டு எழுதின காலத்தில், எழுதுற ஆளுக்குக் கத்தி கட்டாயம். நுனி மழுங்க மழுங்க சீவிக்கிட்டே இருக்கணும். 1820, 30-களில் பர்மிங்காமில் இரும்பு நிப்பு மலிவா வந்து குவிஞ்ச பிறகு இறகு போச்சு. கத்தி மட்டும் பென்சில் சீவுற வேலைக்கு மாறிப் பிழைச்சுக்கிச்சு.

இது வெள்ளைக்காரன் கதைன்னு நினைச்சிடாதீங்க. நம்ம பக்கம் இதுக்கு நேர் சமமான ஒரு பொருள் இருந்தது. அதன் பெயர் மடக்கெழுத்தாணி. எழுத்தாணியில் வகைகள் உண்டு. குண்டெழுத்தாணி கனமா, மேலே கொண்டையோட இருக்கும். வாரெழுத்தாணியில் ஒரு பக்கம் எழுதுற முனை, இன்னொரு பக்கம் பனையோலையை வாருறதுக்கான கத்தி. ஓலையை அப்படியே எழுத முடியாது, ஓரத்தை வாரி அளவாக்கணும். அதனால எழுதுறவன் கையில் கத்தி எப்பவும் வேணும். அந்த முனையும் கத்தியும் பிடிக்குள்ளயே மடங்குற மாதிரி செஞ்சா மடக்கெழுத்தாணி. இடுப்பில் செருகிக்கலாம், குத்தாது.

இந்த எழுத்தாணிகளைப் பத்தி உ.வே.சாமிநாதையர் தன் 'என் சரித்திரம்' நூலில் சொல்லியிருக்கார். 1940-லிருந்து ஆனந்த விகடனில் தொடரா வந்தது அது. மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாட்டு சொல்லச் சொல்ல, ஓலையில் எழுதிப் பழகின கை அவருடையது. அவர் சேர்த்து வைத்த சுவடிகள் இருக்கும் நூலகம் இப்போ பெசன்ட் நகரில் இருக்கு. 1943-ல் ருக்மிணிதேவி அருண்டேல் முயற்சியில் ஆரம்பிச்சது. எலியட்ஸ் பீச்சுக்குப் போற பாதி பேருக்கு அது எங்கே இருக்குன்னு தெரியாது, எனக்கும் இந்த எபிசோடுக்காகத்தான் தெரிஞ்சது. அங்கே இருக்கிற ஒவ்வொரு ஓலைக்குப் பின்னாலயும், யாரோ ஒருத்தர் கத்தியால் ஓரம் வாரியிருக்கார். கத்தி இல்லாம சங்க இலக்கியம் நம்ம கைக்கு வந்திருக்காது. கொஞ்சம் ஓவரா சொல்றேனோ? இல்லைன்னுதான் நினைக்கிறேன்.

ஆக, லண்டன் குமாஸ்தாவோ கும்பகோணம் வித்வானோ, மடக்குக் கத்தியை சுமந்த ஆள் அடிப்படையில் எழுதுற ஆள். சண்டைக்காரன் இல்லை. இதை மனசில் வச்சுக்கோங்க.

இப்போ அந்த எஃகு. தாத்தா கத்தியில் ஷெஃபீல்ட் என்று இருந்ததைப் பிடிச்சுக்கிட்டுப் போனேன். எனக்கு இந்த ஆராய்ச்சியில் ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

தென்னிந்தியாவில் மூசையில் இரும்பை உருக்கி ஒரு எஃகு செஞ்சாங்க. சேலம் பக்கம், மைசூர் பக்கமெல்லாம் உலைகள் இருந்தன. நாம உருக்குன்னு சொல்றோம். ஐரோப்பியர்கள் அதை 'ஊட்ஸ்' என்றார்கள், கன்னடத்தில் எஃகுக்கு 'உக்கு' என்று பேர், அதிலிருந்து வந்ததுன்னு சொல்றாங்க. 1790-களில் பம்பாயிலிருந்து ஹெலினஸ் ஸ்காட் என்ற டாக்டர் இதில் சில கட்டிகளை லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். ஜார்ஜ் பியர்சன் என்பவர் அதை ஆராய்ந்து 1795-ல் கட்டுரை எழுதினார். அந்த ஆராய்ச்சியில் ஜேம்ஸ் ஸ்டோடர்ட் என்ற லண்டன் கத்திக்காரர் கையில் ஒரு துண்டு கொடுத்து ஏதாவது அடிச்சுக் காட்டச் சொன்னாங்க. வாள் அடிக்கலை, ஈட்டி அடிக்கலை. அவர் அடிச்சது என்ன தெரியுமா? ஒரு பேனாக்கத்தி. நம்ம உருக்கு லண்டனில் கொடுத்த முதல் பரீட்சைகளில் ஒண்ணு, இறகு சீவுறதுக்கான கத்தி. ஸ்டோடர்ட்டுக்கு எஃகு பிடிச்சுப் போச்சு. ஐரோப்பாவின் நல்ல எஃகைவிட இந்தியாவின் ஊட்ஸ்தான் மேல்னு தன் கடை விளம்பர அட்டையிலேயே அச்சடிச்சார். பிற்பாடு மைக்கேல் ஃபாரடே, ஆமா, மின்சாரத்து ஃபாரடேதான், இதே ஸ்டோடர்ட்டோட சேர்ந்து எஃகுக் கலவைகளை ஆராய்ந்தார்.

அடுத்து ஜோசையா மார்ஷல் ஹீத். மெட்ராஸ் சிவில் சர்வீஸில் இருந்தவர். சேலத்து இரும்பைப் பார்த்து மயங்கி, வேலையை விட்டுட்டு, பரங்கிப்பேட்டையில் 1830-களில் இரும்பாலை நடத்தினார். ஸ்டார்ட்அப் மோகம் நமக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. அந்த ஆலை பணத்தைக் கரைச்சுது. ஆனா அங்கே இரும்போட பழகின மனுஷன் இங்கிலாந்துக்குத் திரும்பி, 1839-ல் ஒரு காப்புரிமை வாங்கினார்: எஃகு உருக்கும்போது மாங்கனீசு சேர்க்கிற முறை. அதனால ஷெஃபீல்டில், விலை உயர்ந்த சுவீடன் இரும்பை மட்டும் நம்பாம நல்ல எஃகு செய்ய முடிஞ்சது. எஃகு விலை இறங்கிச்சு. ஷெஃபீல்ட் முதலாளிகள் அவர் முறையைக் கொஞ்சம் மாத்திப் பயன்படுத்திட்டு ராயல்டி தர மறுத்தாங்க. அவர் கடைசி வருஷங்கள் கோர்ட்டிலேயே போச்சு. எங்க தாத்தா குமாஸ்தா சம்பளத்தில் ஒரு ஷெஃபீல்ட் கத்தி வாங்க முடிஞ்சதில் பரங்கிப்பேட்டை கடற்கரைக்கும் ஒரு தூரத்துப் பங்கு இருக்குன்னு நினைக்கும்போது எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

சரி, சட்டத்துக்கு வருவோம். மலபார் அப்போ மெட்ராஸ் மாகாணத்தில் ஒரு மாவட்டம். கோட்டையில் முடிவெடுத்தா கோழிக்கோட்டில் நடக்கும். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்கே மாப்பிளைக் குடியானவர்களின் கிளர்ச்சிகள் திரும்பத் திரும்ப வெடிச்சன. நிலம், குத்தகை, வெளியேற்றம், மதம் எல்லாம் பின்னிக் கிடந்த விஷயம். எது முதல் காரணம்னு வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடுறாங்க, நான் அதில் இறங்கலை. 1852-ல் டி.எல்.ஸ்ட்ரேஞ்ச் என்ற அதிகாரியை விசாரிக்க அனுப்பினாங்க. அதுக்குப் பிறகு வந்த சட்டங்களில் ஒண்ணு, 1854-ஆம் வருஷத்து 24-ஆம் சட்டம். மாப்பிளைகளின் போர்க்கத்திக்கு எதிரான சட்டம்.

யோசிச்சுப் பாருங்க. ஒரே ஒரு வகைக் கத்திக்காக, ஒரே ஒரு சமூகத்தின் பெயரைச் சொல்லி ஒரு சட்டம். அதே ஊரில் தேங்காய் வெட்டுற கத்தி இருக்கு, மரம் ஏறுறவர் இடுப்பில் கத்தி இருக்கு. அதெல்லாம் கருவி. இது மட்டும் ஆயுதம். மலபார் கலெக்டர் எச்.வி.கொனோலி ஊர் ஊரா போய்க் கத்தியைச் சேகரிச்சார். 1855-ல் கணக்குப் பார்த்தப்போ மொத்தம் 7,561 கத்திகள் வந்திருந்ததா வில்லியம் லோகன் 'மலபார் மேனுவல்' நூலில் எழுதியிருக்கார். கலெக்டருக்கு வெற்றி மாதிரி தெரியும் எண்ணிக்கை. அதே 1855 செப்டம்பரில், கொனோலி தன் வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தப்போ வெட்டிக் கொல்லப்பட்டார்.

தற்செயலா, உ.வே.சா. பிறந்ததும் அதே 1855-ல்தான். மாகாணத்தின் ஒரு மூலையில் அரசாங்கம் கத்தியைப் பிடுங்கிட்டிருந்தது. இன்னொரு மூலையில் பிறந்த குழந்தை, மடக்கெழுத்தாணியைக் கையில் பிடிச்சு வளரப் போகுது.

அடுத்த மைல்கல் 1878, லிட்டன் பிரபு வைஸ்ராய். இந்திய ஆயுதச் சட்டம். நாட்டுமொழிப் பத்திரிகைகளின் வாயை அடைச்ச சட்டமும் அதே வருஷம்தான். ஆயுதச் சட்டத்தின் வரையறையைப் படிச்சா துப்பாக்கி, பயனெட், வாள், குத்துவாள், ஈட்டி, வில், அம்பு எல்லாம் வரும். கத்தி என்ற பொதுச்சொல் அந்தப் பட்டியலில் இல்லை. பேனாக்கத்திக்கு ஆபத்தில்லை. ஆனா சட்டத்தின் உறுத்தல் பட்டியலில் இல்லை, விலக்கில் இருந்தது. ஐரோப்பியருக்கு விலக்கு. விசுவாசமா இருந்தாங்கன்னு குடகு மக்களுக்கு விலக்கு. குடகு விலக்கு வேற வடிவத்தில் இன்னிக்கும் தொடருது. பொருள் ஒண்ணுதான், யார் கையில் இருக்கு என்பதைப் பொறுத்து அது குற்றம்.

இதை எதிர்த்து முதல் அகில இந்தியத் தீர்மானங்களில் ஒண்ணு எங்கே வந்ததுன்னு நினைக்கிறீங்க? நம்ம ஆயிரம் விளக்கில். 1887 டிசம்பரில் காங்கிரஸின் மூணாவது மாநாடு அங்கே மக்கீஸ் கார்டனில் நடந்தது. பத்ருதீன் தியாப்ஜி தலைவர். ஆயுதச் சட்டத்தைத் திருத்தச் சொல்லி அங்கே தீர்மானம் வந்தது. அதுக்காக ஆவேசமா பேசின இளைஞர்களில் ஒருத்தர் வங்காளத்து பிபின் சந்திர பால். அதே பால்தான் இருபது வருஷம் கழிச்சு, 1907-ல் திரும்ப மெட்ராஸ் வந்து கடற்கரையில் கூட்டம் கூட்டமா மக்களை உட்கார வச்சுப் பேசினவர். அந்தக் கூட்டங்களுக்கு ஏற்பாடு செஞ்சவர்களில் பாரதியும் ஒருத்தர். சத்யம் தியேட்டருக்கோ அண்ணா சாலைக்கோ போகும்போது ஆயிரம் விளக்கைத் தாண்டித்தான் நான் போறேன். கத்தி வச்சுக்கிற உரிமைக்கும் அந்த சிக்னலுக்கும் சம்பந்தம் இருக்கும்னு சத்தியமா நினைச்சதில்லை.

காங்கிரஸ் இதை விடலை. 1931 கராச்சி தீர்மானத்தில், விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்வது ஒரு உரிமையாவே எழுதப்பட்டது. சுதந்திரம் வந்து, அரசியல் நிர்ணய சபையில் 1948 டிசம்பரில் எச்.வி.காமத் அதை அடிப்படை உரிமையில் சேர்க்கச் சொன்னார். அம்பேத்கர் ஒத்துக்கலை. குற்றவாளிகளுக்கும் அந்த உரிமையைக் கொடுத்துட்டு அரசு எப்படி நடக்கும் என்பது அவர் கேள்வியின் சாரம். அரை நூற்றாண்டுக் கோரிக்கை அங்கே முடிஞ்சது. என்னைக் கேட்டா அம்பேத்கர் பக்கம்தான் நியாயம். துப்பாக்கி உரிமையா இருக்கிற ஒரு நாட்டின் செய்திகளை தினமும் பார்த்துட்டுத்தானே இருக்கோம்.

ஆனா 1959-ல் வந்த ஆயுதச் சட்டம், காலனிச் சட்டத்தைவிட ஒரு விஷயத்தில் நிஜமாவே மேல். அதன் இரண்டாவது பிரிவில் 'ஆயுதம்' என்பதற்கான வரையறை, தாக்கவோ தற்காக்கவோ வடிவமைக்கப்பட்ட அல்லது அதற்காக மாற்றியமைக்கப்பட்ட பொருள் என்கிறது. வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே ஆன பொருள் அதில் வராது. உதாரணத்துக்கு அவர்கள் எழுதியிருப்பது லத்தியும் கைத்தடியும். லத்தி வீட்டு உபயோகப் பொருளாம்! அடி வாங்கினவங்க கிட்ட கேட்டா வேற சொல்வாங்க. [சிரிப்பு]

அப்புறம் விதிகள். 1962-லிருந்தே அட்டவணையில் ஒரு அளவு இருக்கு: அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளம், அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம். அதுக்கு மேல இருந்தா அது கணக்கில் வரும் கூர்மையான ஆயுதம். அதிலும் வீட்டு, விவசாய, அறிவியல், தொழில் உபயோகக் கத்திகளுக்கு விலக்கு. 2016-ல் விதிகளைப் புதுசா எழுதினப்பவும் இந்த அளவு தங்கிடுச்சு. இதுக்கும் மேல, கூர்மையான ஆயுதங்களுக்கு லைசென்ஸ் வேணும்னா, மத்திய அரசு ஒரு குறிப்பிட்ட பகுதிக்குன்னு 4-ஆம் பிரிவின் கீழ் அறிவிக்கை போட்டிருக்கணும். அறிவிக்கை இல்லாத இடத்தில் அந்த லைசென்ஸ் பேச்சே இல்லை.

என் சுவிஸ் கத்தியின் அலகு மூணு அங்குலம்கூட இல்லை. 9 அங்குலத்தில் மூணில் ஒரு பங்கு கிடையாது. ஆக, ஆயுதச் சட்டத்தைப் படிச்ச வரைக்கும், பாக்கெட்டில் அது இருக்கிறதே குற்றம் இல்லை. நான் வக்கீல் இல்லை, இதை நம்பி யாரும் வம்பில் மாட்டிக்காதீங்க. ஊரில் தடை உத்தரவு இருக்கும்போது, ஊர்வலத்தில், விமானத்தின் கேபினில் நிலைமை வேற. தனியார் இடத்துக்கு அவங்க விதி அவங்களுக்கு. அதே கத்தியால் ஒருத்தரைக் காயப்படுத்தினா, வெட்டவோ குத்தவோ கூடிய கருவியால் காயம் ஏற்படுத்தினதுக்குத் தனிப் பிரிவே இருக்கு. அங்கே அங்குலக் கணக்கு யாரும் பார்க்க மாட்டாங்க.

ஆனா டெல்லியில் கதை வேற. இங்கேதான் 'மாற்றியமைப்பது' என்ற சொல் பல்லைக் காட்டும்.

உத்தரப் பிரதேசத்தில் ராம்பூர்னு ஒரு ஊர். நவாப் காலத்திலிருந்து மடக்குக் கத்திக்குப் பேர் போனது. திறக்கும்போது கரகரன்னு பல் பல்லா சத்தம் வரும். ஹிந்தி சினிமா வில்லன்கள் பல வருஷம் அந்தக் கத்தியோட சத்தத்திலேயே பாதி நடிப்பை முடிச்சிருக்காங்க. நம்ம ஊர் படங்களில் வந்த பட்டன் கத்தியும் அதோட தம்பிதான். ரௌடின்னா கத்தி மடிக்கிறவன் என்ற பிம்பம் திரையிலிருந்துதான் நம்ம மண்டைக்குள்ள ஏறிச்சு. அமெரிக்காவில் இதே பயத்தில்தான் 1958-ல் பட்டன் கத்திக்கு எதிரா ஃபெடரல் சட்டம் வந்தது, பிரிட்டனில் 1959-ல். ரெண்டு நாட்டிலும் கோபக்கார இளைஞன் படங்கள் ஓடிட்டிருந்த காலம்.

டெல்லி நிர்வாகம் 1980 அக்டோபரில் ஒரு அறிவிக்கை போட்டது. ஸ்பிரிங் கத்தி, கராரிதார், பட்டன்தார், வேறு இயந்திர அமைப்பால் திறந்து மூடும் கத்தி, அலகு 7.62 சென்டிமீட்டரோ அதுக்கு மேலயோ நீளம், 1.72 சென்டிமீட்டரோ அதுக்கு மேலயோ அகலம். 7.62 என்பது அச்சு அசல் 3 அங்குலம். மாநிலத்துக்கு மாநிலம் கத்தி பயம் மாறுது பாருங்க: பொது விதி 9 அங்குலம், தலைநகரில் ஸ்பிரிங் இருந்தா 3.

இந்த அறிவிக்கையைக் காட்டி டெல்லியில் வருஷா வருஷம் வழக்கு. பாக்கெட்டில் பட்டன் கத்தி, ஆயுதச் சட்டம் 25-ஆம் பிரிவு, ஜெயில். பிடிபடுறவங்க பெரும்பாலும் வக்கீல் வைக்க முடியாதவங்க. இது 45 வருஷமா ஓடிச்சு. 2025 ஜனவரியில் இர்ஃபான் கான் என்பவரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தப்போதான், நீதிபதிகள் அந்த அறிவிக்கையைத் திரும்ப எடுத்து வார்த்தை வார்த்தையா படிச்சாங்க. அதில் தடை செஞ்சிருக்கிறது தயாரிப்பு, விற்பனை, விற்பனைக்காக வைத்திருப்பது. சும்மா கையில் வைத்திருந்ததா மட்டும் சொல்ற குற்றப்பத்திரிகையில், விற்கத்தான் வச்சிருந்தார் என்ற பேச்சே இல்லை. வழக்கு ரத்து. கோடிங்கில் ஒரு கண்டிஷனை யாரும் படிக்காம நாற்பது வருஷம் புரொடக்‌ஷனில் ஓட விட்ட கதை இது. வித்தியாசம் என்னன்னா, இங்கே பக் வந்தா ஒருத்தர் உள்ளே போறார்.

ராம்பூர் என்ன ஆச்சு? 1990-களில் அந்த மாநில அரசு நாலரை அங்குலத்துக்கு மேல அலகு கூடாதுன்னு கட்டுப்படுத்தின பிறகு கத்தித் தொழில் சுருங்கிப் போச்சு. 2023-ல் அதே ஊர் நாற்சந்தியில் சுமார் 20 அடிக்கு ஒரு பிரம்மாண்டக் கத்தியைச் சின்னமா நிறுத்தியிருக்காங்க. செய்யுறவங்க குறைஞ்சு போன பிறகு சிலை!

இப்போ என் சொந்தத் தப்பு. நான் கொஞ்சம் கை துறுதுறுன்னு இருக்கிற ஆள். கீபோர்டு பிரிப்பேன், ஸ்விட்ச் மாத்துவேன். சுவிஸ் கத்தியையும் விடலை. சிவப்பு பிளாஸ்டிக் பிடியைக் கழட்டிட்டு தேக்குத் துண்டு இழைச்சு ஒட்டினேன். அது பரவாயில்லை. அதோட நிக்காம, அலகின் முதுகில் கட்டைவிரலால் தள்ள ஒரு சின்னக் குமிழ் ஒட்டினேன். ஆணியைக் கொஞ்சம் தளர்த்தி, பின்னால இருக்கிற வில் தகட்டைத் தேய்ச்சு அழுத்தம் குறைச்சேன். ஒரு கையால 'சக்'குன்னு திறக்கும். ஆபீஸில் எல்லாருக்கும் திறந்து காட்டி பந்தா விட்டேன்.

அந்த வில் தகடு எதுக்குன்னா, இந்த வகைக் கத்தியில் பூட்டு கிடையாது. தகட்டின் அழுத்தம்தான் அலகைத் திறந்தபடி நிறுத்துது, விரல் மேல மடங்காம பார்த்துக்குது. 1891-ல் சுவிஸ் ராணுவம் முதல் முதலா இதை வாங்கினப்போ சிப்பாய்க்குத் தேவைப்பட்டது ரெண்டு விஷயம்: டின் உணவைத் திறக்கணும், துப்பாக்கியைப் பிரிக்க திருப்புளி வேணும். முதல் தொகுதியை ஜெர்மனியின் சோலிங்கனில்தான் செஞ்சாங்க, அப்போ சுவிஸில் அவ்வளவு பெரிய பட்டறை இல்லை. பிற்பாடு கார்ல் எல்சனர் ஏத்துக்கிட்டு, 1897-ல் அதிகாரிகளுக்கான கத்தியைப் பதிவு செஞ்சார். ராணுவத்தில் பிறந்தும், சண்டை போடச் செய்யாத கத்தி. இறகு சீவின கத்தியின் பேரன்.

நான் என்ன செஞ்சேன்னா, அந்தக் கத்தியை ராம்பூர் பக்கம் தள்ளினேன். ஏழு சென்டிமீட்டர் இல்லாததால டெல்லி அளவுக்குள்ளயும் வராது, சென்னையில் அந்த அறிவிக்கையே கிடையாது. எல்லாம் சரி. ஆனா '1959: மாற்றியமைக்கப்பட்ட' என்ற அந்த ஒரு சொல்லைப் படிச்சதும் உட்கார்ந்து யோசிச்சேன். ஆப்பிள் நறுக்க ஒரு கையால சக்குன்னு திறக்க வேண்டிய அவசியம் என்ன? டப்பா எங்கேயும் ஓடிப் போகாது. தி.நகரில் அந்த அண்ணன் திறந்து பார்க்கலை. பார்த்திருந்தா, "சும்மாதாண்ணே" என்ற என் பதிலை அவர் நம்பியிருக்க வேண்டியதில்லை. நம்பினதுக்குக் காரணம் என் ஆபீஸ் அடையாள அட்டையும் என் இங்கிலீஷும்தான். எதிரில் இளநீர் சீவுறவரின் பையன் அதே கத்தியை வச்சிருந்தா டோக்கன் கொடுத்திருப்பாங்களா, போலீஸைக் கூப்பிட்டிருப்பாங்களா? அந்த 7,561 கத்திகளும், டெல்லியில் 45 வருஷம் ஓடின வழக்குகளும் இந்த இடத்தில்தான் எனக்கு உறைச்சது.

அன்னிக்கு ராத்திரியே குமிழைப் பேத்து எடுத்தேன். வில் தகட்டைத் தேய்ச்சது தேய்ச்சதுதான், அதைத் திரும்பக் கொண்டுவர முடியலை. அலகு தொளதொளன்னு ஆகி, இப்போ அது டிராயரில் தூங்குது.

பைக்குள்ள இப்போ தாத்தாவோட பேனாக்கத்தி. கார்பன் எஃகு, மயிலாப்பூர் ஈரக்காத்துக்கே துருப்பிடிக்கும், அடையாறு பக்கம் கொண்டுபோனா கேட்கவே வேண்டாம். வாரம் ஒரு தடவை தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. அலகு மொண்ணையா இருந்தது. தெருவில் சைக்கிளில் சக்கரம் வச்சு சாணை பிடிக்கிறவர் வந்தார், அரிவாள்மனையோட இதையும் எடுத்துட்டுப் போனேன். அவர் அதைத் திறந்து, நகத்தில் லேசா தடவிப் பார்த்துட்டு, "பழைய சரக்கு தம்பி, சக்கரத்தில் வச்சா தின்னுடும், கல்லிலேயே தீட்டித் தரேன்"னு உட்கார்ந்துட்டார். இருபது நிமிஷம். அரிவாள்மனைக்கு மட்டும்தான் காசு வாங்கினார்.

தீட்டிட்டு மடக்கிக் கையில் கொடுக்கும்போது அவரும் கேட்டார்: "எதுக்கு வச்சிருக்கீங்க இதை?"

"பென்சில் சீவ"ன்னு சொன்னேன். அவர் சிரிச்சார். ஆனா உண்மைதான், அன்னிக்கு சாயங்காலமே ஒரு பென்சில் வாங்கினேன்.

அடுத்த எபிசோடில் பாக்குவெட்டி. பாட்டிகள் சுருக்குப்பைக் கதை வச்சிருந்தா அனுப்புங்க. வரட்டுமா.